பின்னால் வருகிறவன் எங்கே?

வேதபகுதி: உபாகமம் 25:17-19, எண்ணாகமம் 10:11-28, லூக்கா 2:41-50



வாலிபர் முகாமுக்குப் பெயர் கொடுக்கும் நாட்கள் மறுபடியும் வந்திருக்கின்றன. ஆராதனை முடிந்ததும் பிள்ளைகள் ஓடிவந்து, "பிரதர், இந்தத் தடவை மலை உண்டா?" என்று கேட்கிறார்கள். அவர்களுடைய சந்தோஷத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஆவியானவர் என் உள்ளத்தில் ஒரு காரியத்தை ஞாபகப்படுத்துகிறார். அதை எழுத வேண்டும் என்று பலமுறை ஏவப்பட்டும் தள்ளிப்போட்டேன். ஏனென்றால் இது என்னுடைய வெற்றியின் சாட்சி அல்ல, என்னுடைய தவறின் சாட்சி. இந்த முறை கீழ்ப்படிந்து எழுதுகிறேன்.

2020-ஆம் வருஷம், பொங்கல் விடுமுறை. நம் சபை வாலிபர்கள் 28 பேர். பொறுப்பாளர்களாக நானும் இரண்டு சகோதரர்களும் ஒரு சகோதரியும். சமையலுக்கு நம் சபையின் மூத்த தாயார் ஒருவர். ஆக 33 பேர் ஒரு பஸ் பிடித்துக் கொடைக்கானலுக்குப் புறப்பட்டோம்.

பெற்றோர் சிலர் பிள்ளைகளை அனுப்பத் தயங்கினார்கள். காரணம் உண்டு. 2018 மார்ச் 11-ஆம் தேதி போடிக்குப் பக்கத்தில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போன 20-க்கும் அதிகமானோர் மரித்துப்போனார்களே, அந்த துக்கம் யாருக்கும் ஆறவில்லை. நான் வீடு வீடாகப் போய், "பயப்படாதீங்க, பொறுப்பு என்னுடையது" என்று வாக்குக் கொடுத்தேன். ஒரு தாயார் மட்டும் வேறு விதமாகச் சொன்னார்கள். "அவன்தான் வரமாட்டேங்கிறான் பிரதர். நீங்க ஒரு வார்த்தை சொன்னா வருவான்." நான் ஒரு வார்த்தை சொன்னேன். அந்தத் தம்பியும் வந்தார். ஏன் வரமாட்டேன் என்றார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கொடைக்கானலில் ஒரு விசுவாசியின் நிலத்தில் கூடாரம் போட்டுத் தங்கினோம். ஏறக்குறைய 7,000 அடி உயரம், ஜனவரி மாதக் குளிர். இரவில் பல்லோடு பல் அடித்துக்கொண்டது. ஆனாலும் பிள்ளைகள் அதிகாலை நாலரை மணிக்கு எழும்பி, போர்வையைச் சுற்றிக்கொண்டு ஜெபித்தார்கள். அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அல்லேலூயா!

முதல் நாள் இரவு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தபோது காலேபைப் பற்றிப் பிரசங்கித்தேன். 85 வயதிலும் சமபூமியைக் கேளாமல், ஏனாக்கியர் குடியிருந்த மலைநாட்டைக் கேட்டானே, அந்த வைராக்கியம் நமக்கு வேண்டும் என்று முழங்கினேன். பிறகு பிள்ளைகளை நான்கு அணிகளாகப் பிரித்தேன். வனாந்தரத்தில் இஸ்ரவேலின் பாளயம் நான்கு கொடிகளின் கீழ் இறங்கியதல்லவா? அதேபோல யூதா, ரூபன், எப்பிராயீம், தாண் என்று பெயர் வைத்தேன். ஓர் அணிக்கு ஏழு பேர். "நாளைக்கு மலைப் பயணத்தில் எந்த அணி முதலாவது திரும்பி வருகிறதோ அதற்குப் பரிசு உண்டு" என்று அறிவித்தேன். அதோடு, "மூன்று நாள் செல்போன் உபவாசம்" என்று சொல்லி, எல்லாருடைய போனையும் வாங்கி ஒரு பையில் கட்டி முகாமிலேயே பூட்டி வைத்தேன். எல்லாம் ஆவிக்குரிய காரியம் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி என்கிற மலைக்கிராமத்துக்கு இறங்கினோம். வனத்துறையின் அனுமதி வாங்கி, அந்தக் கிராமத்துக்காரர் ஒருவரையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டோம். டால்பின் மூக்குப் பாறையைத் தாண்டினால் அதன்பின் செங்குத்தான இறக்கம். மரவேர்களே படிக்கட்டு. கொஞ்சம் அசந்தால் கால் இடறும்.

இந்த மலைகளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. காலராவுக்கும் மலைக்காய்ச்சலுக்கும் தப்பிப் பிழைக்க, மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மிஷனெரிகள் 1845-ல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். அப்போது மேலே போக இன்றைய பஸ் ரோடு கிடையாது. பெரியகுளம் பக்கமிருந்து ஒற்றையடிப் பாதையில்தான் ஏறவேண்டும். நடக்க முடியாத பெண்களையும் பிள்ளைகளையும் வியாதியஸ்தரையும் கூலியாட்கள் தோளில் சுமந்து ஏற்றினார்கள். சுமக்கப்பட்டவர்களின் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. சுமந்தவர்களின் பெயர் இல்லை. ஆனால் அவர்கள் சுமக்காவிட்டால் அந்தச் சரித்திரமே இல்லை. இதைப் பிள்ளைகளுக்கு வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். எனக்குத்தான் அது உறைக்கவில்லை.

வெள்ளகவியில் செருப்புப் போட்டு நடக்கிற வழக்கம் இல்லை. ஊர் எல்லை வந்ததும் வழிகாட்டி தம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். விருந்தாளியாகப் போன நாங்களும் அவர்கள் வழக்கத்தை மதித்து ஷூவைக் கழற்றினோம். அப்போதுதான் பார்த்தேன். அந்தத் தம்பியின் இரண்டு குதிகாலிலும் கொப்புளம் உடைந்து, சாக்ஸ் இரத்தத்தில் ஒட்டியிருந்தது.

"என்ன தம்பி இது?"

"ஷூ கொஞ்சம் சின்னது பிரதர்."

தேவபிள்ளைகளே, நான் என்ன செய்திருக்க வேண்டும்? என் பையில் பஞ்சும் மருந்தும் பிளாஸ்திரியும் இருந்தன. குனிந்து எடுக்க இரண்டு நிமிஷம் போதும். ஆனால் பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். நான் அந்தத் தம்பியின் தோளில் தட்டி, "ஆண்டவர் பெலன் தருவார் தம்பி, ஜெபிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

ஆடையும் ஆகாரமும் இல்லாதவனிடம் நல்ல வார்த்தையை மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறவர்களைக் குறித்து யாக்கோபு தன் நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில் என்ன எழுதியிருக்கிறார் என்று வாசித்துப் பாருங்கள். அந்த வசனத்தை நான் எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். அன்றைக்கு அந்த வசனத்தில் வருகிற ஆளே நான்தான்.

1. "கூட்டத்தோடு வருவான்" என்ற நினைப்பு

எலுமிச்சை சாதம் சாப்பிட்டு, ஜெபித்துவிட்டு, ஒரு மணிக்கு ஏற ஆரம்பித்தோம். இறங்குவது ஒரு கஷ்டம், ஏறுவது வேறொரு கஷ்டம். வழிகாட்டி என்னிடம், "ஐயா, நான் கடைசியில வாறேன். ஏத்தத்துலதான் ஆளுக பிந்துவாங்க" என்றார். நான், "இல்லண்ணே, நீங்க முன்னால போங்க, பசங்க வேகமா வருவாங்க, பாதை இது ஒண்ணுதானே" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் முன்னால் போனார். நானும் யூதா அணியோடு முன்னால் போனேன். பாட்டும் கைதட்டலுமாக ஏறினோம். நாலரை மணிக்கு வட்டக்கானல் வந்து சேர்ந்தோம். யூதா முதலாவது! பிள்ளைகள் துள்ளினார்கள். நானும்தான் துள்ளினேன்.

ரூபன் வந்தது. எப்பிராயீம் வந்தது. டீயும் பிரெட் ஆம்லெட்டும் ஓடிக்கொண்டிருந்தன. ஐந்தரைக்குத் தாண் அணி வந்தது. எண்ணினேன். 27. மறுபடி எண்ணினேன். 27.

தாண் அணியின் பிள்ளைகள், "அவன் ரூபன் பசங்களோட முன்னாலயே போயிட்டான்னு நெனச்சோம்" என்றார்கள். ரூபன் அணி, "அவன் தாணாச்சே, பின்னால வர்றான்னு நெனச்சோம்" என்றது. கடைசியாக வந்த பொறுப்பாளர் சகோதரன், "நீங்கதான் அவனைக் கூட்டிட்டுப் போயிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எல்லாரும் நினைத்தோம். ஒருவரும் பார்க்கவில்லை.

லூக்கா 2-ஆம் அதிகாரம் என் கண்முன் வந்து நின்றது. யோசேப்பும் மரியாளும் கெட்டவர்களா? இல்லை. வருஷந்தோறும் பஸ்காவுக்கு எருசலேம் போகிற பக்தியுள்ள குடும்பம். பண்டிகையை முடித்துத் திரும்புகிறார்கள். பிள்ளை பிரயாணக் கூட்டத்தில் இருப்பான் என்று எண்ணி ஒருநாள் முழுவதும் நடந்துவிட்டார்கள். கூட்டம் பெரியது. உறவினர்கள் இருக்கிறார்கள். பாட்டுப் பாடிக்கொண்டு போகிறார்கள். பிள்ளை மாத்திரம் அதில் இல்லை. ஒருநாள் தூரம் நடந்ததற்குத் தேடிக் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆயிற்று என்று பாருங்கள். மூன்று நாள்!

அன்பானவர்களே, கூட்டம் பெரிதாகும்போது வருகிற ஆபத்து இது. எழுப்புதல் வந்தது, நாற்காலி போதவில்லை, பந்தல் போட்டோம் என்று களிகூருகிறோம். நல்லது, தேவனுக்கே மகிமை. ஆனால் கூட்டத்தில் இருப்பான் என்று நினைத்த ஒருவன் மூன்று மாதமாக வரவில்லை. பாஸ்டர் விசாரிப்பார் என்று மூப்பர் நினைக்கிறார். மூப்பர் போயிருப்பார் என்று வாலிபர் தலைவர் நினைக்கிறார். எல்லாரும் நினைக்கிறோம்.

2. அமலேக்கு எங்கே அடித்தான்?

ஜனவரியில் அங்கே ஆறேகாலுக்கெல்லாம் இருட்டிவிடும். பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எழும்பி வந்து பாதையை மூடிக்கொண்டது. காட்டுமாடு சர்வசாதாரணமாக நடமாடும் இடம். அந்தத் தம்பியின் கையில் போன் இல்லை. ஏனென்றால் அதை வாங்கிப் பூட்டி வைத்தவன் நான்.

வழிகாட்டி வனக்காவலருக்குப் போன் போட்டுத் தகவல் சொன்னார். பிறகு அவரும் நானும் இன்னொரு சகோதரனும் டார்ச் எடுத்துக்கொண்டு இறங்கினோம். மற்றவர்கள் ரோட்டோரத்திலேயே முழங்கால் போட்டார்கள். காலையில் பாடின வாய்கள் இப்போது கதறின. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இறங்கினோம். மலை நம் சத்தத்தைத் திருப்பிக் கொடுக்குமே தவிர பதில் கொடுக்காது. அந்தத் தாயாருடைய முகம் என் கண்முன் வந்தது. "நீங்க ஒரு வார்த்தை சொன்னா வருவான்."

அந்த இருட்டில் ஆவியானவர் எனக்கு உபாகமம் 25-ஐ நினைப்பூட்டினார். அமலேக்கோடு நடந்த யுத்தத்தை யாத்திராகமம் 17-ல் நாம் ஆயிரம் தரம் கேட்டிருக்கிறோம். மோசே மலையுச்சியில் கைகளை உயர்த்துகிறான், ஆரோனும் ஊரும் தாங்குகிறார்கள், யோசுவா பட்டயத்தோடு ஜெயிக்கிறான். மலை உச்சியைப் பிரசங்கிக்க நமக்குப் பிரியம். ஆனால் பல வருஷங்களுக்குப் பின் மோசே அந்தச் சம்பவத்தை ஜனங்களுக்கு ஞாபகப்படுத்துகிறபோது, யாத்திராகமத்தில் சொல்லாத ஒன்றைச் சொல்லுகிறான். அமலேக்கு முதலாவது யாரை வெட்டினான்? முன்னால் நடந்த வீரர்களை அல்ல. களைத்துப்போய், தள்ளாடி, கடைசியில் வந்துகொண்டிருந்த பலவீனரை!

சத்துருவின் தந்திரம் இன்றைக்கும் மாறவில்லை. மேடையில் பாடுகிறவனை அவன் முதலாவது தொடுவதில்லை. பாட்டுப் புஸ்தகத்தைப் பிடித்தபடி கடைசி வரிசையில் உதடு அசையாமல் நிற்கிறானே, அவனைத்தான் குறிவைக்கிறான். பரீட்சையில் தோற்றுப்போன பிள்ளை. வேலை போன தகப்பன். புருஷன் குடித்துவிட்டு அடித்ததைச் சொல்லாமல் வெள்ளைப் புடவை கட்டி வந்து உட்கார்ந்திருக்கிற சகோதரி. ஜெபித்தும் சுகம் கிடைக்காததால், 'எனக்கு விசுவாசம் இல்லை போலிருக்கிறது' என்று தனக்குள்ளே நொந்துபோய் நிற்கிறவர். இவர்களெல்லாம் நம்மோடு புறப்பட்டவர்கள்தான். நாம் வேகமாக நடந்தோம். அவர்கள் பிந்திப் போனார்கள்.

ஏழே முக்கால் மணி இருக்கும். வழிகாட்டி சட்டென்று நின்று, கையைக் காட்டினார். பாதையை விட்டுக் கொஞ்சம் தள்ளி ஒரு பாறையின் அடியில் அந்தத் தம்பி உட்கார்ந்திருந்தார். ஷூவைக் கழற்றி வைத்து, காலில் கைக்குட்டையைக் கட்டியிருந்தார். உடம்பெல்லாம் நடுக்கம். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். வாயில் வார்த்தை வரவில்லை. அவர்தான் பேசினார்.

"தேடி வந்தீங்களா பிரதர்? நான் இல்லைன்னு யாருக்கும் தெரிஞ்சிருக்காதுன்னு நெனச்சேன்."

பிரியமானவர்களே, 'ஏன் இவ்வளவு நேரம்' என்று அவர் கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். இந்த வார்த்தையைத் தாங்க முடியவில்லை. நான் கூப்பிட்ட சத்தம் கேட்டதா என்று கேட்டேன். கேட்டதாம். தன்னைத்தான் கூப்பிடுகிறோம் என்று நம்ப முடியவில்லையாம்.

வழிகாட்டி தம் போர்வையை எடுத்து அவருக்குப் போர்த்தி, குனிந்து முதுகைக் காட்டினார். "ஏறுப்பா." நான் தடுத்து, "அண்ணே, நீங்க காலையிலருந்து நடந்திருக்கீங்க" என்றேன். அவர் சொன்னார்: "எங்க ஊருக்கு ரோடு இல்லாத காலத்துலருந்து நோயாளியவும் புள்ளத்தாச்சியவும் டோலி கட்டித் தூக்கித்தான் ஐயா கொண்டு போறோம். முடியாதவங்கள விட்டுட்டு வந்து நமக்கு என்ன இருக்கு?"

அவர் நம் சபைக்காரர் அல்ல, நம் மார்க்கத்தாரும் அல்ல. எரிகோ ரோட்டில் ஆசாரியனும் லேவியனும் விலகிப் போனபின் வந்தானே ஒரு சமாரியன், அவனை அன்றைக்கு நான் நேரில் பார்த்தேன். விலகிப் போன லேவியனும் அந்த இடத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தான், கையில் டார்ச் வைத்துக்கொண்டு.

மூன்று பேரும் மாறி மாறிச் சுமந்தோம். சுமந்து பார்த்தால்தான் ஒருவனுடைய பாரம் தெரியும். முதுகில் இருந்தபடியே அந்தத் தம்பி கொஞ்சங்கொஞ்சமாகப் பேசினார். ஷூ பக்கத்து வீட்டுப் பையனுடையது. சொந்தமாக ஷூ இல்லை என்று சொல்ல வெட்கம். மூன்று மாதமாக வாலிபர் கூட்டத்துக்கு வரவில்லை. ஒருவராவது கேட்பார்கள் என்று பார்த்திருக்கிறார். ஒருவரும் கேட்கவில்லை. அம்மாவுக்காக இந்த ஒரு முகாமுக்கு வந்துவிட்டு, இத்தோடு சபையை விட்டுவிடலாம் என்று தீர்மானித்திருக்கிறார்.

அப்போது எனக்குப் புரிந்தது. அன்று மத்தியானம் மலையில் நாங்கள் அவரைத் தொலைக்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன்பே சபையில் தொலைத்துவிட்டோம். மலை அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

3. தாண் கோத்திரத்தின் ஊழியம்

அன்றைய இரவுக்கு நான் அபிஷேகத்தைப் பற்றி ஒரு செய்தி ஆயத்தம் பண்ணியிருந்தேன். அதைப் பேசவில்லை. சமையலுக்கு வந்த தாயார் வெந்நீரில் உப்புப் போட்டு, அந்தப் பிள்ளையின் கால்களை அதில் வைத்து, தன் முந்தானையால் துடைத்து மருந்து போட்டார்கள். நெருப்பைச் சுற்றி 27 பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழும்பி, எல்லாருக்கும் முன்பாக அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். யூதா அணியின் தலைவன் எழும்பி, பரிசு வேண்டாம் என்றான். பிறகு ஒருவர் பின் ஒருவராக அழ ஆரம்பித்தார்கள். நான் யாரையும் முன்னால் வரச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த இரவில் தேவப்பிரசன்னம் அந்த இடத்தை நிரப்பியது. ஸ்தோத்திரம்!

எல்லாரும் படுத்தபின் வேதத்தைத் திறந்தேன். எண்ணாகமம் 2-ஆம் அதிகாரம். நான்தானே அணிகளுக்குப் பெயர் வைத்தேன்? ஆனால் கவனித்து வாசிக்கவில்லை. பிரயாணத்தில் யூதாவின் பாளயம் முதலாவது, ரூபன் இரண்டாவது, எப்பிராயீம் மூன்றாவது, தாண் கடைசி. தொகையைப் பாருங்கள். யூதாவின் பாளயத்தில் 1,86,400 பேர். ரூபன் 1,51,450. எப்பிராயீம் 1,08,100. கடைசியில் வருகிற தாண் பாளயம் எத்தனை? 1,57,600! நான்கில் இரண்டாவது பெரிய சேனை.

நாமாக இருந்தால் பலசாலிகளையெல்லாம் முன்னால் வைத்து, மீதியைப் பின்னால் விட்டிருப்போம். தேவனோ முன்னால் ஒரு பெரிய சேனையையும் பின்னால் ஒரு பெரிய சேனையையும் நிறுத்துகிறார். தாண் கடைசியில் வந்தது பலவீனத்தினால் அல்ல, எல்லாப் பாளயங்களுக்கும் பின்காவலாக இருக்கும்படி (எண்ணாகமம் 10:25). கடைசி இடம் தோற்றவனுடைய இடம் என்று நான் பிள்ளைகளுக்குப் போட்டி வைத்துக் கற்றுக்கொடுத்தேன். வேதமோ அதைக் காவலாளியின் இடமாகக் காட்டுகிறது. தாணுக்கு நான் கொடுத்திருக்க வேண்டியது முந்தி ஓடுகிற போட்டியை அல்ல, ஒருவரையும் பின்னால் விடாமல் கொண்டுவருகிற ஊழியத்தை.

நம் கர்த்தரே அந்த இடத்தில் நிற்கிறாரே! ஏசாயா 52:12-ஐ வாசியுங்கள். முன்னே போகிறவரும் அவர், பின்னே நின்று காக்கிறவரும் அவர். நல்ல மேய்ப்பர் 99 ஆடுகளை விட்டு ஒன்றைத் தேடிப் போகிறார் என்றால், 99-ஐயும் ஒன்றையும் அவர் எண்ணியிருக்கிறார் என்று அர்த்தம். எண்ணாதவனுக்கு ஒன்று குறைந்தது எப்படித் தெரியும்?

யாக்கோபைப் பாருங்கள். ஏசா 400 பேரோடு வந்து, 'வா, சேர்ந்து போவோம்' என்று கூப்பிட்டபோது அவன் ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் இளசுகள், கறவை ஆடுமாடுகள் என்னோடு இருக்கின்றன, ஒருநாள் விரட்டினாலும் மந்தை செத்துப்போகும், ஆகையால் அவைகளின் நடைக்குத் தக்கபடி மெல்ல வருகிறேன் என்கிறான் (ஆதியாகமம் 33). அதற்கு முந்தின இரவுதானே தேவனோடு போராடி ஆசீர்வாதம் பெற்றான்? ஆசீர்வாதம் பெற்றவன் வேகமாக நடக்கவில்லை, நொண்டி நொண்டி நடந்தான். தானே நொண்டினவன்தான் பிள்ளைகளின் நடையைப் புரிந்துகொள்ளுகிறான்.

பெந்தெகொஸ்தே விசுவாசிகளாகிய நமக்கு இன்னொரு வார்த்தை. அப்போஸ்தலர் 2-ல் அக்கினிமயமான நாவுகள், 3,000 பேர். 4-ஆம் அதிகாரத்தில் புருஷர் மட்டும் ஏறக்குறைய 5,000. மகா எழுப்புதல்! அந்த எழுப்புதலின் நடுவில்தான் 6-ஆம் அதிகாரத்தில் முறுமுறுப்பு வருகிறது. கிரேக்க பாஷை பேசின விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டுப் போனார்கள். அப்போஸ்தலர்கள் அந்த முறுமுறுப்பைச் சின்ன விஷயம் என்று தள்ளவில்லை. விதவைகளை விசாரிக்க ஆள் தேடினபோது என்ன தகுதி கேட்டார்கள்? ஆவியினால் நிறைந்தவர்கள்! பாருங்கள் பிரியமானவர்களே, ஸ்தேவானையும் பிலிப்புவையும் முதலாவது பின்வரிசைக்குத்தான் அனுப்பினார்கள். பந்தியில் விடுபட்ட விதவையைக் கவனிக்கவும் அபிஷேகம் வேண்டும். அபிஷேகம் ஒருவனை மேடைக்கு மட்டுமே கொண்டுபோகிறது, கடைசி வரிசைக்குக் கொண்டுபோகவில்லை என்றால், நம்மை நாமே ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

4. இனி எப்படி நடப்போம்?

அந்த வருஷத்துக்குப் பிறகு நம் மலைப் பயணத்துக்குச் சில ஒழுங்குகளை வைத்தோம். பெற்றோரும் பிள்ளைகளும் அறிந்துகொள்ளும்படி எழுதுகிறேன். வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் காட்டுக்குள் கால் வைப்பதில்லை. போட்டி கிடையாது. யார் மெதுவாக நடக்கிறார்களோ அவர்களுடைய நடைதான் எல்லாருடைய நடையும். இரண்டிரண்டு பேராக ஜோடி. தங்கும் இடந்தோறும் எண்ணிக்கை. நன்றாக நடக்கத் தெரிந்த ஒரு பொறுப்பாளர் மருந்துப் பையோடும் டார்ச்சோடும் கடைசியில் வருவார். அவருக்குப் பின்னால் ஒருவரும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு அணியிலும் ஒரு போன். மத்தியானம் மூன்று மணிக்குள் காட்டைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். புறப்படுவதற்கு முந்தின வாரமே ஒவ்வொரு பிள்ளையின் ஷூவையும் பார்ப்போம். இல்லாதவர்களுக்குச் சபை வாங்கிக் கொடுக்கும், ஒருவருக்கும் தெரியாமல்.

இதே ஒழுங்கு சபையிலும் வேண்டாமா? இரண்டு ஞாயிறு ஒருவர் வராவிட்டால் மூன்றாவது ஞாயிறுக்கு முன்னே அவர் வீட்டுக் கதவை யாராவது தட்ட வேண்டும். "ஏன் வரலை?" என்று அதட்ட அல்ல. "நீங்க இல்லாம எங்களுக்கு நல்லாயில்லை" என்று சொல்ல. யாராவது தன் கஷ்டத்தைச் சொன்னால், "ஜெபிக்கிறேன்" என்று சொல்லுமுன் நம் பையில் பிளாஸ்திரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜெபமும் வேண்டும், பிளாஸ்திரியும் வேண்டும்.

தாவீதின் 600 பேரில் 200 பேர் பேசோர் ஆற்றங்கரையில் இளைப்பினால் நின்றுபோனார்கள் (1 சாமுவேல் 30). ஜெயித்து வந்த சிலர், இவர்களுக்குப் பங்கு கிடையாது என்றார்கள். தாவீது கேட்டானா? யுத்தத்துக்குப் போனவனுக்கும் மூட்டைகளண்டை நின்றவனுக்கும் சமபங்கு என்று கட்டளையாகவே ஆக்கிப்போட்டான். களைத்து நின்றவர்கள் நமக்கு அந்நியர் அல்ல, நம் பங்காளிகள்.

அந்தத் தம்பி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். இன்றைக்கு அவர் பெரிய ஊழியக்காரராக இருக்கிறார் என்று சாட்சி எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் பொய் எழுதக்கூடாதே. வேலைக்காக வெளியூர் போயிருக்கிறார். சில ஞாயிறு அங்கே சபைக்குப் போகிறார், சில ஞாயிறு போவதில்லை. ஞாயிறு சாயங்காலம் நான் போன் பண்ணுகிறேன். "சாப்பிட்டியா தம்பி?" என்றுதான் முதலில் கேட்பேன். சிரிப்பார். ஒருநாள் அவரே சொன்னார்: "பிரதர், நீங்க போன் பண்ணாத வாரம் எனக்குத் தெரியும்." கர்த்தர் அவரை இன்னும் முதுகில் சுமந்துகொண்டுதான் இருக்கிறார் என்று விசுவாசிக்கிறேன். நம் பயணம் இன்னும் முடியவில்லை.

இதை வாசிக்கிற தேவபிள்ளையே, நீ முன்னால் நடக்கிறவனா? ஒரு நிமிஷம் நின்று திரும்பிப் பார். எண்ணிப் பார். நீ பின்னால் தங்கிப்போனவனா? உன் பெயரைச் சொல்லி ஒரு சத்தம் கூப்பிடுகிறது. அது உன்னைத்தான் கூப்பிடுகிறது. வேறு யாரையோ என்று நினைத்து மௌனமாய் இருந்துவிடாதே. "இங்கே இருக்கிறேன்" என்று ஒரு குரல் கொடு.

ஜெபிப்போம்: அன்பின் பரம தகப்பனே, எங்களுக்கு முன்னும் பின்னும் நடக்கிறவரே, உம்மை ஸ்தோத்திரிக்கிறோம். வேகமாக நடந்து, பலவீனரை விட்டுவந்த எங்கள் பாவத்தை மன்னியும். வார்த்தையை மாத்திரம் கொடுத்து விலகிப்போன தருணங்களை மன்னியும். எங்கள் சபையில் காணாமற்போன ஒவ்வொருவருடைய பெயரையும் இன்றைக்கு எங்கள் நினைவுக்குக் கொண்டுவாரும். தேடிப் போகக் கால்களையும், சுமந்து வரத் தோள்களையும் தாரும். இந்த வருஷ முகாமுக்குப் போகிற ஒரு பிள்ளையும் குறையாமல் வீடு வந்து சேர உதவி செய்யும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் நல்ல பிதாவே, ஆமென்.

கர்த்தர்தாமே உங்கள் யாவரையும் ஆசீர்வதிப்பாராக. மாரநாதா!